ஐந்து மணித் தையல்

தையல்காரர் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டார். பெடலுக்கும் அவர் பாதத்துக்கும் நடுவே ஒரு முழம் காற்று மட்டுமே இருந்தது. அப்படியும் மெஷின் தைத்தது.

டர்ர். டர்-டர். கொஞ்சம் இடைவெளி. டர்ர்ர்ர்.

ஊசிக்குக் கீழே இருந்தது ஒரு மருத்துவமனைக் கோட்டின் காலர். அதன் மேல் கோணல்மாணலாக நான்கு அங்குலத் தையல் விழுந்தது. அவர் எட்டி மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணி ஆறு நிமிடம். மேசையில் விரித்திருந்த அளவுக் காகிதத்தின் ஓரத்தில் நீலச் சாக்கட்டியால் எழுதினார்: புதன் 5.06. அதற்கு மேல் ஏற்கெனவே நான்கு வரிகள் இருந்தன. வியாழன் 5.11. வெள்ளி 5.02. திங்கள் 5.09. செவ்வாய் 5.04. சனி, ஞாயிறு மாலைகளில் அவர் தைப்பதில்லை.

மெஷின் பழையது, மோட்டார் புதியது. ஆறு மாதத்துக்கு முன்புவரை அதில் இருந்தது, சுவிட்சைப் போட்டதும் நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும் கிளட்ச் மோட்டார். அதைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டார் மாட்டியிருந்தார். இது சாதுவான பிறவி. கால் வைத்தால் ஓடும், எடுத்தால் நின்றுவிடும். பெடலுக்குக் கீழே ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று மேலே உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகிறது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அந்த வயர் மிகச் சிறிய மின்னழுத்தமாகப் பெட்டியிடம் சொல்லும். பெட்டி அதை நம்பி மோட்டாரை ஓட்டும். பெடல் மேல் உண்மையிலேயே கால் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. வயர் சொல்வதுதான் அதற்குக் கால்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மோட்டார் மெக்கானிக் வந்தார். சென்சாரை மாற்றினார். வயரை மாற்றினார். பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து மெஷினை முறைத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"அண்ணே, மெஷின் தங்கம். கோளாறு வேற எங்கயோ இருக்கு."

"எங்க?"

"உங்க கால்ல. சர்வீஸ் பண்ண வேண்டியது அதைத்தான்."

"காலைத் தூக்கி மேல வச்சிருந்தேன்னு சொல்றேன்ல?"

"அப்ப சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆவி வந்து தைக்குதா? நல்லதுதானே. நான் சட்டை தைக்கக் குடுத்து மூணு மாசமாச்சு, அதை முதல்ல முடிக்கச் சொல்லுங்க."

தையல்காரர் சிரிக்கவில்லை. கரண்ட்டில் ஏற்ற இறக்கமா, கீழே தண்ணீர் மோட்டார் போடும் நேரமா, எலி வயரைக் கடிக்கிறதா என்று எல்லாவற்றையும் யோசித்தாயிற்று. தண்ணீர் மோட்டார் காலையில்தான் ஓடுகிறது. எலிக்குக் கடிகாரம் தெரியாது.

அன்று மாலை அவர் ஒன்றும் தைக்கவில்லை. ஊசியின் கீழ் ஒரு துண்டுத் துணியை மட்டும் விட்டு, மோட்டாரைப் போட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஐந்து மூன்றுக்கு மெஷின் தொடங்கியது.

டர்ர்-டர். டர்ர்-டர்ர்.

இரண்டு நிமிடம் கேட்டபோது அது இரைச்சலாகத் தெரியவில்லை. பேச்சைப்போல நின்று நின்று வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"கேக்குதாடா?"

டர்ர்-டர்.

"சாப்ட்டியா இல்லையா? ஓவர்."

டர்-டர், டர்ர்-டர். டர்ர்.

பிறகு அவள் மௌனமானாள். எதிர்முனையில் இருப்பவர் பேசும் நேரம் அது. மெஷினும் மௌனமானது. அவள் மறுபடி வாய் திறந்தாள். மெஷினும் வாய் திறந்தது. அவள் அதட்டினால் மெஷின் வேகமாக ஓடியது. கொஞ்சினால் ஓரிரு தையலோடு நிறுத்திக்கொண்டது.

அவர் சுவிட்சை அணைத்தார். காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அதை எப்படி மனைவியிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அவள் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு அச்சுப்பிழை திருத்துகிறவள். அவளுடைய மேசையில் ஒரு பக்கம் காகிதக் கட்டு, மறுபக்கம் வானொலிச் செட். கேட்க மட்டுமே முடிகிற வானொலி அல்ல, பேசவும் செய்கிற அமெச்சூர் வானொலி. தேர்வு எழுதி உரிமம் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அதை அவள் பொழுதுபோக்குக்காகச் செய்யவில்லை. அவளுடைய தம்பி கடலுக்கு நடுவே ஒரு தீவில் வானிலை நிலையத்தில் வேலை பார்க்கிறான். நான்கு பேர்தான் அங்கே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை படகு. செயற்கைக்கோள் வழியாகப் போவது மழை, காற்று, வெப்பத்தின் எண்கள் மட்டுமே. வீட்டுப் பேச்சுக்கு அதில் இடமில்லை. முன்பு ஒரு முறை, படகு வராத மாதங்களில், அவன் பேசுவதையே விட்டுவிட்டான். சாப்பாட்டு மேசைக்கும் வரவில்லை. படகுத் துறையில் போய் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். "தினமும் வீட்டு மனிதர் ஒருவர் குரல் காதில் விழுந்தால் நல்லது" என்று நிலைய அதிகாரி கடிதம் எழுதினார். தம்பியிடம் ஏற்கெனவே உரிமம் இருந்தது. அக்கா படித்து வாங்கினாள். அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம். இந்த ஒன்றரை வருடத்தில் அவன் ஒரு நாளும் சாப்பாட்டு மேசையைத் தவறவிட்டதில்லை.

"உன் பேச்சு என் மெஷினை ஓட்டுது" என்று சொன்னால் அவள் என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரியும். செட்டை அணைத்துவிடுவாள். அதனால் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே மோட்டாரின் சுவிட்சை அணைத்துவிட்டு டீ போடப் போய்விட்டார்.

"என்ன திடீர்னு அஞ்சு மணிக்கு டீ?" என்றாள் அவள்.

"கழுத்து வலிக்குது."

"கழுத்து வலிக்கு டீயா?"

"கழுத்து வழியாத்தானே இறங்குது."

ஒரு வாரம் இப்படியே ஓடியது. அந்த வாரம் முழுக்க அவள் உற்சாகமாக இருந்தாள். "என்னன்னு தெரியலைங்க, தம்பி குரல் பக்கத்து ரூம்ல இருந்து பேசற மாதிரி கேக்குது. வானம் நல்லா இருக்கு போல" என்றாள். அவர் டீயை நீட்டிவிட்டு, "நல்லது" என்றார்.

வெள்ளிக்கிழமை தம்பி ஒரு செய்தி சொன்னான். "திங்கக்கிழமையிலேர்ந்து எனக்கு டியூட்டி மாறுதுக்கா. பலூன் விடற வேலை. காத்தைப் பொறுத்துதான் ஓய்வு, நேரம் சொல்ல முடியாது. செட்டை ஆன்லயே வச்சிரு, எப்ப முடியுதோ அப்பக் கூப்பிடறேன்."

நாள் முழுக்க செட். நாள் முழுக்கத் தையல். இனி டீ உதவாது என்று தையல்காரருக்குப் புரிந்தது. ஆனால் யோசிக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று நினைத்தார்.

இல்லை. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, புது நேரத்தில் அலை எடுக்கிறதா என்று பார்க்கத் தம்பி கூப்பிட்டான். அக்கா பதில் சொன்னாள். இந்தப் பக்கம் தையல்காரர் கோட்டின் பையை ஓரம் மடித்து, விரலால் பிடித்து, பெடலிலிருந்து காலை எடுத்திருந்தார். ஆள்காட்டி விரல் ஊசிக்கு நேர் கீழே இருந்தது.

"அடடே, இந்த நேரத்துலயா!" என்றாள் அவள். ஊசி நகத்தின் ஓரமாக இறங்கி ஏறியது.

அவர் கத்திய சத்தத்தில் மைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். விரலைத் தண்ணீரில் பிடித்து, மருந்து வைத்து, கட்டுப் போட்டாள். எலும்பில் படவில்லை.

"எப்படிங்க? முப்பது வருஷமாத் தைக்கிறீங்க."

"கை வழுக்கிடுச்சு."

அவள் மேசையை ஒழுங்குபடுத்தினாள். அளவுக் காகிதத்தை மடிக்கப் போனவள் நின்றுவிட்டாள். மற்றவர்கள் காகிதத்தின் நடுவைப் பார்ப்பார்கள். பிழை திருத்துகிறவர்களின் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகும்.

"இது என்ன, வியாழன் அஞ்சு பதினொண்ணு?"

"அது... டெலிவரி நேரம்."

அவள் உள்ளே போய்த் தன் பதிவேட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு முறை பேசும்போதும் நாள், நேரம் குறித்து வைப்பது அவள் வழக்கம். வியாழன் 5.11. வெள்ளி 5.02. திங்கள் 5.09. ஒரு எழுத்து பிசகவில்லை.

"நான் பேசினா மெஷின் ஓடுது. அப்படித்தானே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

"ஒரு வாரமா. நீ செட்டை அணைச்சுடுவியேன்னுதான்..."

"விரலே போயிருக்கும்!" என்று அதட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நானும் ஒண்ணை மறைச்சேன். மைக்ல உதடு பட்டா சுருக்குன்னு கடிக்குது. எறும்பு மாதிரி. ரெண்டு வாரமா."

"ஏன் சொல்லலை?"

"நீங்க செட்டை எடுத்து வச்சுடுவீங்களேன்னு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள். "உங்க மோட்டார் சுவிட்ச் போட்டிருந்தா செட்ல கீச்சுனு ஒரே சத்தம். தம்பி பேசறதுல பாதி புரியாது. பொழப்புக்கு ஓடற மெஷினை எப்படி நிறுத்தச் சொல்றதுன்னு நானும் வாயைத் திறக்கலை. அப்புறம் ஒரு வாரமாத் தெளிவாக் கேக்குதேன்னு..." அவள் நிறுத்தினாள். "அஞ்சு மணிக்கு டீ போடப் போனீங்களே. அப்ப மோட்டாரை அணைச்சுட்டா போனீங்க?"

"ஆமா."

"நான் வானம் நல்லா இருக்குன்னு நினைச்சேன்."

எழுந்து தன் அறைக்குப் போய் மைக்கின் பிளக்கைக் கழற்ற ஆரம்பித்தாள். தையல்காரர் கட்டுப் போட்ட விரலோடு பின்னாலேயே போனார்.

"என்ன பண்ற?"

"மூட்டை கட்டறேன்."

"திங்கக்கிழமை அவன் கூப்பிடுவான். பதில் வராது. செவ்வாக்கிழமையும் வராது. திரும்பவும் படகுத் துறையில போய் உக்காரட்டுமா?"

அவள் கை நின்றது.

"பிழையைக் கண்டுபிடி" என்றார் அவர். "ஊருக்கெல்லாம் கண்டுபிடிக்கிறல்ல? என்ன மாத்தின? மெஷின் இப்படி ஆறதுக்கு முன்னாடி ஆறு மாசமா நான் அதுல ஒண்ணும் மாத்தலை."

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். முதல் வியாழனுக்கு முந்தின நாள் அவள் கையெழுத்தில் இருந்தது: புதுக் கம்பி.

கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் மாடியிலிருந்த பழைய ஆன்டெனாவின் கம்பத்தை இறக்கிவிட்டார்கள். அது நடுவில் கேபிள் சேர்ந்து, இரண்டு பக்கமும் சம நீளத்தில் கை விரித்த ஆன்டெனா. திரும்ப நிறுத்த இடமில்லாததால் அவள் ஒற்றைக் கம்பி ஒன்றைக் கட்டினாள். மொட்டை மாடிச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து கம்பி தண்ணீர்த் தொட்டி வரை போகும். பெட்டியிலிருந்து கேபிள் வெளிச்சுவர் வழியாக, தையல் அறை ஜன்னலை உரசிக்கொண்டு, அவள் மேசைக்கு வரும். மேசையில் செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே ட்யூனர்.

"ஆனா ட்யூனரோட முள் ஒண்ணுலதானே நிக்குது" என்றாள். "போன சக்தி எதுவும் திரும்பி வரலைன்னு அர்த்தம். அதைப் பார்த்துட்டுத்தான் எல்லாம் சரின்னு விட்டேன்."

"ட்யூனர் என்ன பண்ணும்?"

"செட்டுக்கு ஒரு குறிப்பிட்ட சுமைதான் பிடிக்கும். ஆன்டெனா அதுக்குப் பொருந்தாம இருந்தா, ட்யூனர் நடுவுல நின்னு பொருந்தற மாதிரி காட்டும். செட் சந்தோஷமா சக்தியைக் கொடுத்துடும்."

"ஆன்டெனா மாறுமா?"

"மாறாது. அது அப்படியேதான் இருக்கும்."

தையல்காரர் தலையை ஆட்டினார். "தெரியும். தொளதொளன்னு இருக்கிற சட்டைக்கு முதுகுல கிளிப் மாட்டி, முன்னாடி நின்னு போட்டோ எடுப்பாங்க. போட்டோவுல கச்சிதமா இருக்கும். நீ போட்டோவைப் பார்த்திருக்க. முதுகைப் பார்க்கலை."

அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. மைக் கடித்ததைவிட.

அந்த முதுகுப் பக்கத்தை அவள் ஒரு தாளில் வரைந்து காட்டினாள். கேபிளின் நடுவில் ஒரு கம்பி. அதைச் சுற்றிப் பின்னல் உறை. மின்னோட்டம் நடுக்கம்பியில் ஒரு திசையில் போனால், பின்னலின் உட்புறத்தில் அதே அளவு எதிர்த்திசையில் வர வேண்டும். போவதும் வருவதும் சமம் என்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. குழாய்க்குள் தண்ணீர் ஓடுவதுபோல. ஆனால் பின்னலுக்கு வெளிப்புறமும் உண்டு. அது மூன்றாவது பாதை. குழாய்க்கு உள்ளே தண்ணீர் ஓடும்போது, குழாயின் மேல்தோலில் எறும்பு ஊர்ந்து வரலாம் அல்லவா? அந்த எறும்புதான் வெளிச்சுவரில் இறங்கி, ஜன்னல் வழியாகப் பெடல் வயரில் ஏறி, கால் வைத்ததாகப் பொய் சொல்கிறது. அதே எறும்புதான் மைக்கில் உதட்டைக் கடிக்கிறது. பாதை ஒன்று இருந்தால் இரண்டு பக்கமும் போகலாம்; மோட்டாரின் இரைச்சலும் அதே தோலில் ஏறி ஆன்டெனாவுக்குப் போய், தம்பியின் குரலோடு கலந்து செட்டுக்குள் வருகிறது. ட்யூனருக்குத் தெரிவது குழாய்க்குள் ஓடும் தண்ணீர் மட்டும். எறும்பை அது பார்ப்பதே இல்லை.

"பழைய ஆன்டெனாவுல இதுக்குன்னு ஒரு சோக் மாட்டியிருந்தேன்" என்றாள் அவள். "ட்யூனர் ஒண்ணு காட்டுதேன்னு புதுசுல விட்டுட்டேன். பரண்ல அட்டைப்பெட்டியில இருக்கும். எடுத்துட்டு வர்றீங்களா?"

அவர் ஏணி போட்டு ஏறினார். ஒற்றைக் கையால் துழாவி, தூசியோடு ஒரு கனத்த பொருளை இறக்கிவந்து மேசையில் டமாலென்று வைத்தார். "இந்தா. நல்ல சோக்கு. கெடவே இல்லை, லைட்தான் ஃபியூஸ் போச்சு."

இரும்புக் கட்டி. பழைய ட்யூப்லைட்டின் சோக்.

அவள் அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஊசி இறங்கியதிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள். சிரிப்பு நிற்க நேரமாகியது.

"என்ன, சோக்குன்னா இதானே?"

"பேர் ஒண்ணுதான். உறவுகூட உண்டு. ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி. இது, தன் வழியா எது போனாலும் இழுத்துப் பிடிக்கும். எனக்கு வேண்டியது ஆள் பார்த்துப் பிடிக்கிற சோக்."

இரண்டாம் முறை அவர் சரியானதைக் கொண்டுவந்தார். ஃபெரைட் என்னும் இரும்புக்கலவைப் பீங்கானில் செய்த, உள்ளங்கை அகல இரண்டு கறுப்பு வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று. அவற்றின் ஓட்டை வழியாக மெல்லிய கேபிள் பத்துச் சுற்று சுற்றி, இரண்டு முனையிலும் பிளக். வேறொன்றும் இல்லை. அதன் வேலை எவ்வளவு எளிமையோ அவ்வளவு அழகு. கேபிளுக்குள் ஒரு மின்னோட்டம் போக, சமமாக இன்னொன்று வரும்போது, வளையத்துக்குள் அவற்றின் காந்தவிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வளையத்தைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை, அது தூங்குகிறது. வெளித்தோலில் ஒற்றையாக வரும் எறும்புக்கு எதிர் ஜோடி கிடையாது. அது வந்ததும் வளையம் விழித்துக்கொண்டு வழியை மறிக்கிறது. ஒரு சுற்றுக்குப் பதில் பத்துச் சுற்று சுற்றினால் தடை பத்து மடங்கல்ல, ஏறக்குறைய நூறு மடங்கு. தண்ணீருக்குத் திறந்த வழி, எறும்புக்குச் சுவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். அவள் பெட்டிக்குக் கீழே கேபிளைக் கழற்றி, நடுவில் சோக்கைச் சேர்த்து, மழை புகாதபடி டேப் சுற்றினாள். அவர் டேப்பைக் கிழித்துக் கொடுத்தபடி பெட்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். துணியோ பெட்டியோ, திருப்பிப் போட்டுப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

கீழே வந்து ட்யூனரை அழுத்தினாள். டிக் டிக் டிக் என்று அது உள்ளே சுருள்களை மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்தது. நிற்கவில்லை. மீண்டும் அழுத்தினாள். மீண்டும் அதே டிக் டிக். முள் ஆறிலேயே நின்றது. போகும் சக்தியில் பாதி திரும்பிவருகிறது என்று அர்த்தம். செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொண்டது.

"மெஷின் ஓடலை!" என்று அடுத்த அறையிலிருந்து அவர் கத்தினார்.

"எதுவுமே ஓடலை" என்றாள் அவள்.

மதியம்வரை பிளக்குகளைக் கழற்றி மாட்டினாள். சோக்கைச் சோதித்தாள், பழுதில்லை. எடுத்துவிட்டால் ட்யூனர் ஒன்று காட்டுகிறது, மாட்டினால் ஆறு. தப்பு செய்யும்போது பாராட்டுகிறது, சரி செய்யும்போது திட்டுகிறது. நாளைக்குத் திங்கள்.

தையல்காரர் சும்மா இருக்க முடியாமல் கோட்டுப் பையைத் தைக்க உட்கார்ந்தார். ஊசி ஏறி இறங்கியது. துணி நகர்ந்தது. எடுத்துப் பார்த்தால் தையல் பிடிக்கவில்லை. மேல் நூல் தளர்ந்து, இழுத்ததும் உருவிக்கொண்டு வந்தது. கீழே அடி நூல் சுற்றிவைக்கும் பாபினில் நூல் தீர்ந்திருந்தது. புது பாபினை எடுத்தவர், அதைக் கையில் வைத்தபடியே நின்றார். பிறகு அப்படியே அவள் அறைக்குப் போனார்.

"ஏம்மா, உன் ஏரியலுக்கு அடி நூல் எங்க?"

"என்னது?"

"தையல்னா ரெண்டு நூல். மேல ஒண்ணு, அடியில ஒண்ணு. ரெண்டும் ஒண்ணையொண்ணு பிடிச்சாத்தான் தையல். பழைய ஏரியலுக்கு ரெண்டு கை இருந்துச்சு. இதுக்கு ஒத்தைக் கம்பிதான். இன்னொரு கை எங்க?"

ஆன்டெனாவின் ஒரு பாதியில் மின்னோட்டம் வெளியே போனால், மறுபாதி ஒன்று அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். இது அவள் தேர்வில் எழுதிய முதல் பாடம். ஒற்றைக் கம்பிக்கு மறுபாதியை யாரும் கட்டவில்லை. அதனால் அது கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டது: கேபிளின் வெளித்தோல், செட்டின் பெட்டி, மைக், பெடல் வயர், இந்த வீடு.

"கேபிளோட தோல்தான் இத்தனை நாள் அடி நூலா இருந்திருக்கு" என்றாள். "இப்ப சோக் போட்டு அதை வெட்டிட்டேன். அடி நூலே இல்லாம எப்படித் தைக்கும்? ட்யூனர் திட்டினதுல தப்பே இல்லை."

"பெட்டிக்கு அடியில ஒரு ஸ்க்ரூ இருக்கு. எதையும் கட்டாம சும்மா கிடக்கு. அது எதுக்கு?"

"அதுக்குத்தான்! ஏன் காலையிலயே சொல்லலை?"

"நீ டேப்பு டேப்புன்னு கையை நீட்டினியே தவிர எங்க கேட்ட?"

தம்பியோடு பேசும் அலையின் நீளம் இருபது மீட்டர். அதில் கால் பங்கு ஐந்து மீட்டர். அந்த நீளமுள்ள கம்பி, அந்த அலைக்கு நல்ல அடி நூல். அவளிடம் மீட்டர் அளவுகோல் இல்லை. அவர் கழுத்தில் தொங்கிய அங்குல டேப்பை எடுத்தார். ஐந்து மீட்டர் என்றால் நூற்றுத் தொண்ணூற்றேழு அங்குலம். டேப் அறுபது. மூன்று முழு டேப், மேலும் பதினேழு. துணி வெட்டும் பழக்கத்தில், "தையலுக்கு அரை அங்குலம் விடட்டுமா?" என்று கேட்டார்.

"விடுங்க. ஸ்க்ரூல சுத்தணும்ல."

கம்பியின் ஒரு முனையை அந்தத் திருகில் கட்டினாள். மீதியை, தொட்டிக்குப் போகும் கம்பிக்கு எதிர்த்திசையில், மாடியின் கைப்பிடிச் சுவரோரமாக இழுத்துக் கட்டினார்கள். யார் கையும் படாதபடி முனைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. கீழே வந்து ட்யூனரை அழுத்தினாள். டிக், டிக். நின்றது. முள் ஒன்றில்.

இந்த முறை அவள் முள்ளை நம்பவில்லை. மைக்கைப் பிடித்து, கண்களை மூடிக்கொண்டு, உதட்டை அதன் மேல் வைத்து எண்களைச் சொன்னாள். கடிக்கவில்லை.

திங்கட்கிழமை பதினொன்று இருபதுக்கு, தையல்காரர் கோட்டின் கையை இணைத்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் குரல் கேட்டது. அவர் உடனே ஊசியை உயர்த்தி, துணியை விட்டுவிட்டு, இரண்டு கால்களையும் குறுக்குக் கட்டைக்கு ஏற்றினார். மோட்டாரின் சுவிட்சை மட்டும் அணைக்கவில்லை.

"சொல்லுடா! காத்து எப்படி இருக்கு? சாப்ட்டியா? ஓவர்!"

மெஷின் சும்மா இருந்தது.

"சாப்ட்டேன்க்கா. நாலு பேரும் சேர்ந்துதான் சாப்ட்டோம். என்னக்கா பண்ணின, குரல் கணீர்னு வருது? ஓவர்."

அவள் அதட்டினாள், கொஞ்சினாள், ஒரு முறை கத்திச் சிரித்தாள். ஒரு தையல்கூட விழவில்லை. தையல்காரர் காலை இறக்கி, பெடலை மெல்ல அழுத்தி, விட்ட இடத்திலிருந்து கோட்டின் கையைத் தைக்க ஆரம்பித்தார். அவள் பேசும்போதும் தைத்தார், அவன் பேசும்போதும் தைத்தார்.

"என்னங்க!" என்று சுவருக்கு அப்பாலிருந்து அவள் கத்தினாள். "மோட்டாரைப் போடுங்க, கீச்சுனு வருதான்னு பார்க்கணும்!"

"ஓடிட்டுத்தாம்மா இருக்கு!"

அன்று அவள் பதிவேட்டில், அச்சகத்துக்குத் திருத்தம் குறிப்பதுபோல, ஓரத்தில் எழுதினாள்: பெட்டியின் திருகில் ஐந்து மீட்டர் அடி நூல். அதற்குக் கீழே, பெட்டியை ஒட்டி, இரண்டு வளையத்தில் பத்துச் சுற்று சோக். இரண்டும் முடிந்த பிறகு ட்யூனர். இனி மெஷின் கால் வைத்தால் மட்டும் ஓடும்.